பன்னிரண்டு கத்தி, ஐம்பத்தேழு கைநாட்டு

இம்ப்ரெஷன் என்றால் கைநாட்டு. அதில் சந்தேகமே இல்லை. ஆனால் ‘ஃபர்ஸ்ட்’ எதற்கு? கட்டைவிரலில் முதல் விரல், இரண்டாம் விரல் என்று உண்டா என்ன?

ராஜப்ரியா தன் இடது கட்டைவிரலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். விரலிடமிருந்து பதில் வரவில்லை. கைபேசியை எடுத்து கோயமுத்தூர் ஹெட் ஆபீஸ் மேனேஜர் கிருத்திக் அனுப்பியிருந்த செய்தியை ஒன்பதாவது தடவையாகப் படித்தாள். முழுக்க இங்கிலீஷ். கொழுந்து பறிக்கிறவர்களில் பன்னிரண்டு பேருக்கு ஆளுக்கொரு கத்தி கொடுக்க வேண்டும். அவர்களுடைய ‘ஃபர்ஸ்ட் இம்ப்ரெஷன்ஸ்’ வாங்கி வைக்க வேண்டும். வெள்ளிக்கிழமை அவனே நேரில் வருவான். வரும்போது அவளுடைய பணி நிரந்தர உத்தரவையும் கொண்டுவருவான்.

அந்தக் கடைசி வரிதான் மற்ற வரிகளையெல்லாம் நடுங்க வைத்தது.

மஞ்சூருக்கு மேலே, பஸ் மூச்சுவாங்கி ஏறி நிற்கும் இடத்தில் இருக்கிறது அந்தத் தேயிலை எஸ்டேட். அதன் ஆபீசில் அவள் மூன்று வருடமாகத் தற்காலிக கிளார்க். மூன்று மாதத்துக்கு ஒருமுறை அவளைப் புதுப்பிப்பார்கள், ரேஷன் கார்டு மாதிரி. நிரந்தரம் ஆனால் குவார்ட்டர்ஸ் உண்டு. மஞ்சூரில் ஒழுகுகிற வாடகை அறையைக் காலி செய்துவிடலாம். காரமடையிலிருந்து அம்மா போன் பண்ணி, “இன்னும் டெம்ப்ரவரிதானா கண்ணு?” என்று கேட்பது நிற்கும்.

யாரிடமாவது அர்த்தம் கேட்டுவிடலாம்தான். ஆனால் மூன்று வருடத்துக்கு முன்னால், வேலைக்கு எடுக்கும்போது, “இங்கிலீஷ்ல கம்ஃபர்ட்டபிளா?” என்று கேட்டார்கள். யாரோ நாற்காலியைப் பற்றி விசாரித்ததுபோல, “வெரி கம்ஃபர்ட்டபிள் சார்” என்று சொல்லிவிட்டாள். அன்றிலிருந்து அந்தப் பொய்யின்மேல்தான் உட்கார்ந்திருக்கிறாள். ஒரு வார்த்தைக்கு அர்த்தம் கேட்டாலும் நாற்காலி ஆடும்.

கேட்கவும் தேவையில்லை என்று தன்னைத் தேற்றிக்கொண்டாள். சம்பளப் பதிவேட்டில் கையெழுத்து வராதவர்கள் பெயருக்கு எதிரே அவளே எத்தனை தடவை ‘லெஃப்ட் தம்ப் இம்ப்ரெஷன்’ என்று எழுதியிருக்கிறாள்! இந்த ஆபீசில் இம்ப்ரெஷன் என்ற வார்த்தைக்கு வேறு வேலையே கிடையாது.

சட்டென்று பொறி தட்டியது. கத்தியைக் கொடுக்கும்போது வாங்குவது முதல் ரேகை. கத்தியைத் திரும்ப வாங்கும்போது இரண்டாவது ரேகை. அதனால்தான் ஃபர்ஸ்ட்! எவ்வளவு சுலபம். கம்பெனிக்காரர்கள் சும்மாவா கோயமுத்தூரில் உட்கார்ந்திருக்கிறார்கள்?

புதுப் பதிவேடு எடுத்தாள். ஸ்கேல் வைத்து இரண்டு பத்தி கோடு போட்டாள். ‘முதல் ரேகை’, ‘இரண்டாம் ரேகை’. தன் புத்தியை எண்ணி அவளுக்கே ஒரு கணம் பெருமையாக இருந்தது. பெருமை வந்தால் அவளுக்குக் காது சூடாகும். சூடானது.

பிறகுதான் கத்தியைக் கையில் எடுத்துப் பார்த்தாள். ஊர் உலகமெல்லாம் வாங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொள்கிற மடக்குக் கத்தி. சிவப்பு. உள்ளங்கைக்குள் அடங்கிவிடும். உள்ளே என்னென்னவோ படுத்திருந்தன: பெரிய அலகு, சின்ன அலகு, கத்தரிக்கோல், டின் திறப்பது, பாட்டில் திறப்பது, திருப்புளி. தொழிலாளர் லயத்து வீட்டில் ஒரே அறைக்குள் எட்டுப் பேர் முழங்காலை மடக்கிப் படுத்திருப்பதுபோல இருந்தது. ஒருவரை எழுப்பினால் பக்கத்தில் இருப்பவரும் சேர்ந்து எழுந்தார். அலகைப் பிரிக்கப் போய் ஆள்காட்டி விரல் நகம் பாதியோடு போயிற்று. திரும்ப மடக்குவதற்குப் பயந்து, அதை விரித்தபடியே பென்சில் டப்பாவில் நிற்க வைத்தாள்.

திங்கட்கிழமை காலை ஏழரை மணிக்கு ஆள் கணக்கெடுக்கும் மஸ்டருக்குப் பன்னிரண்டு பெண்களும் ஆபீஸ் வாசலில் நின்றார்கள். சூப்பர்வைசர் பரமசிவன் ஆளுக்கொரு கத்தியை நீட்டினார்.

“இது என்னங்கம்மா, பொம்மையா?” என்றாள் கருப்பம்மா. முப்பது கிலோ கொழுந்தைத் தலையில் வைத்துக்கொண்டு சரிவில் ஓடுகிறவள்.

“கத்திங்க.”

“கத்தின்னா இதுல கவாத்து வெட்ட முடியுமா?”

“அதெல்லாம் முடியாது.”

“விறகு?”

“முடியாது.”

“அட்டை கடிச்சா எடுக்க முடியுமா?”

ராஜப்ரியா யோசித்தாள். “இடுக்கி ஒண்ணு இருக்குதுங்க. முயற்சி பண்ணலாம்.”

“அதுக்குள்ள அட்டை ரத்தம் குடிச்சுட்டு ஊட்டுக்கே போயிருக்கும்.”

கொல்லென்று சிரித்தார்கள். ஒருத்தி எதையோ உருவி, “அடி, பல்லுக்குத்தி!” என்று கத்தினாள். பனிக்குள் அந்தச் செய்தி வரிசையின் கடைசிவரை போய்த் திரும்பி வந்தது. பல் குத்திய குச்சியை மறுபடி உள்ளேயே சொருகி வைப்பார்களா என்று சூடாக விவாதம் நடந்தது. இன்னொருத்தி பழம் நறுக்க நன்றாக இருக்கும், ஆனால் பழத்துக்கு எங்கே போவது என்றாள். கைக்கு அடக்கமாக இருக்கிறது, தொலைவதற்கும் அடக்கமாக இருக்கிறது என்றாள் மற்றொருத்தி.

“பேச்சை நிறுத்துங்க!” என்று மேஜையைத் தட்டினாள் ராஜப்ரியா. “அவிய அவிய நெனைக்கிறதையெல்லாம் இங்க யாரும் கேக்கல. வரிசையா வந்து கைநாட்டு வெச்சுட்டுப் போங்க.”

சிரிப்பு அப்படியே நின்றது.

“கைநாட்டா?” என்று முன்னால் வந்தாள் சின்னம்மை. இலங்கையில் ஹட்டன் பக்கத்துத் தோட்டமொன்றில் பிறந்து, பதினான்கு வயதில் பெற்றோரோடு இங்கே வந்தவள். “எனக்குக் கையெழுத்துப் போடத் தெரியுங்கம்மா. மாசாமாசம் உங்க முன்னாடிதானே போடுறேன்?”

“கம்பெனி ரேகைதான் கேட்டிருக்குதுங்க.”

“கையெழுத்து வர்றவளைக் கைநாட்டுன்னு சொல்றது வசவும்மா. என்னால ஏலாது.”

“எதுக்கு ரேகை?” என்று பின்னாலிருந்து ஒரு குரல். “ஏதும் எழுதி வாங்கறீங்களா? லயத்தைக் காலி பண்ணச் சொல்லவா?”

அமைதிப்படுத்த வேண்டும் என்று ராஜப்ரியாவுக்குத் தோன்றியது. அதனால் வாய்க்கு வந்ததைச் சொன்னாள். “அப்படியெல்லாம் இல்லைங்க. நாளைக்கே இந்தக் கத்தியால எங்காவது ஏதாவது ஆயிருச்சுன்னா, யாருதுன்னு கண்டுபிடிக்க வேண்டாமா?”

பன்னிரண்டு கத்தியும் ஒரே நேரத்தில் மேஜைமேல் வந்து விழுந்தன. பெண்கள் சரிவில் இறங்கிப் போய்விட்டார்கள்.

அவள் பதிவேட்டைப் பார்த்தாள். இப்போது கத்தி திரும்பி வந்துவிட்டது. விதிப்படி இரண்டாம் ரேகை வாங்க வேண்டும். முதல் ரேகையே இல்லாமல் இரண்டாம் ரேகையை எப்படி வாங்குவது?

“ஏனுங் பரமசிவண்ணா, நீங்களாவது ஒரு வார்த்தை சொல்லிப் பாருங்களேன். வெள்ளிக்கிழமை எனக்கு முக்கியமான நாளுங்க.”

பரமசிவன் தொப்பியைக் கழற்றி, தலையைச் சொறிந்து, திரும்ப மாட்டிக்கொண்டார். “பார்க்கறேம்மா.”

பத்து மணி டீக்குப் பிறகு அதிசயம் நடந்தது. சின்னம்மை முன்னால் வர, பன்னிரண்டு பேரும் திரும்பி வந்தார்கள். முகத்தில் கோபமே இல்லை.

“எங்கம்மா வைக்கணும்?” என்றாள் சின்னம்மை. சேலைத் தலைப்பில் துடைத்துவிட்டுக் கட்டைவிரலை நீட்டினாள்.

காலையில் தான் பேசியது கொஞ்சம் தாமதமாக மண்டையில் ஏறியிருக்கிறது என்று ராஜப்ரியா நினைத்துக்கொண்டாள். அதிகாரத்தோடு பேசினால் யாரும் கேட்பார்கள். இனிமேல் அம்மாவிடமும் அப்படித்தான் பேச வேண்டும்.

ஸ்டாம்ப் பேட் காய்ந்து போயிருந்தது. அதில் எச்சில் தொட்டு, தண்ணீர் தெளித்துப் பார்த்தும் வெறும் ஈரம்தான் பதிந்தது. டீ மூட்டைகளில் எஸ்டேட் பெயர் அடிக்கிற மையைப் பரமசிவன் எங்கிருந்தோ கொண்டுவந்து ஊற்றினார். என்ன ரேகை, என்ன ரேகை! ஒவ்வொரு கோடும் எண்ணிவிடலாம்போல இருந்தது. கருப்பம்மாவுடையது மட்டும் கொஞ்சம் மங்கல். அவள் விரலில் கோடுகளே தேய்ந்துபோயிருந்தன. கையைப் பிடித்து அழுத்தும்போது ராஜப்ரியாவுக்கு உள்ளே எதுவோ செய்தது. பதிவேட்டில் அதற்குப் பத்தி இல்லை.

மத்தியானம் ஃபேக்டரியிலிருந்து போன். கொழுந்தைத் தூளாக்கும் பொறுப்பிலிருக்கும் டீமேக்கர் செலஸ்டின்.

“மேடம், கொழுந்தெல்லாம் கறுப்புப் புள்ளியா வருது. ஏதும் நோயா?”

மூட்டை மை லேசில் போகாது என்பது அப்போதுதான் புரிந்தது. ராஜப்ரியா கொஞ்சம்கூட யோசிக்கவில்லை. ஜெனரேட்டருக்கு வைத்திருந்த டீசலைத் துணியில் நனைத்து, தோட்டத்துக்கே அனுப்பி, விரலைத் துடைத்துக்கொள்ளச் சொன்னாள்.

செவ்வாய்க்கிழமை மறுபடி செலஸ்டின். “மேடம், புள்ளி போயிருச்சு. இப்போ கொழுந்துல மஞ்சூர் பஸ் வாசம் வருது. ஒரு கப் ருசி பார்த்தேன். காலையிலேருந்து எனக்கு ஏப்பமே ஹார்ன் மாதிரி வருது.”

மை போகும்வரை அந்தப் பன்னிரண்டு பேரும் கொழுந்தைத் தொடவே கூடாது என்று முடிவெடுத்தாள். நாற்றுப்பண்ணைக்கு அனுப்பினாள். உட்கார்ந்து பையில் மண் நிரப்புகிற வேலை. கூரை உண்டு, அட்டை கிடையாது, சம்பளத்தில் பிடித்தமும் கிடையாது.

புதன்கிழமை காலை ஆபீஸ் வாசலில் ரேஷன் கடை மாதிரி வரிசை நின்றது.

“கைநாட்டு எங்கம்மா வெக்கணும்?”

“உங்களுக்குக் கத்தி இல்லைங்களே!”

“கத்தி யாருக்கு வேணும்? கைநாட்டு மட்டும் வெச்சுக்கறோம்.”

அவள் தடுத்தாள். கெஞ்சினாள். பரமசிவனைப் பார்த்தாள். அவர் மலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். வாங்கிவிட்டால் கூட்டம் கலைந்துவிடும் என்ற நம்பிக்கையில் வாங்கிக்கொண்டாள். நாற்பத்தைந்து கட்டைவிரல்கள். பதிவேட்டில் புதிதாக ஒரு தலைப்புப் போட வேண்டியதாயிற்று: ‘கத்தி பெறாமல் முதல் ரேகை வைத்தோர்’. வைத்த கையோடு எல்லாரும் நாற்றுப்பண்ணைக்குப் போய் உட்கார்ந்துகொண்டார்கள். மை பட்ட விரலால் கொழுந்தைத் தொடக்கூடாதென்று அவளே போட்ட உத்தரவாயிற்றே!

அந்த நேரம் பார்த்துக் கைபேசி சிணுங்கியது. கிருத்திக்.

“ராஜப்ரியா, இம்ப்ரெஷன்ஸ் எல்லாம் எப்படி?”

“ரொம்பத் தெளிவா வந்திருக்குதுங்க சார். ஒண்ணே ஒண்ணுதான் கொஞ்சம் மங்கல்.”

“மங்கலா? யாரு?”

“கருப்பம்மா சார். திரும்ப எடுத்தரட்டுங்களா?”

“நோ நோ. கட்டாயப்படுத்தாதீங்க. இயல்பா வரணும்.”

“கையைப் பிடிச்சு அழுத்தினாத்தான் வருது சார்.”

அந்தப் பக்கம் மௌனம். பிறகு கரகரவென்று சத்தம். பனி இறங்கி சிக்னல் போய்விட்டது. அவன் மகிழ்ச்சியில் வாயடைத்துப் போயிருப்பதாக அவள் எடுத்துக்கொண்டாள்.

வியாழக்கிழமை செலஸ்டின் போன் பண்ணவில்லை. நேரிலேயே வந்தார். “மேடம், மையும் இல்ல, டீசலும் இல்ல. ரொம்ப சந்தோஷம். கொழுந்தும் இல்ல.” சொல்லிவிட்டு, அவள் கொடுத்த டீயை வேண்டாமென்று கும்பிட்டுப் போனார். மெஷின் அன்று ஓடவில்லை. அந்தச் சத்தம் இல்லாததால் ஆபீஸ் கடிகாரத்தின் சத்தம் கேட்டது. மூன்று வருடத்தில் முதல்முறையாக அதைக் கேட்டாள். இந்தச் சுவரில் ஒரு கடிகாரம் இருக்கிறது, நாளைக்குள் அதனடியில் நமக்கு இடம் இருக்கிறதா இல்லையா என்று தெரிந்துவிடும் என்று நினைத்துக்கொண்டாள்.

வெள்ளிக்கிழமை பதினோரு மணிக்கு ஜீப் வந்தது. கிருத்திக்குக்கு முப்பது வயதுகூட இருக்காது. கத்திகளைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் இன்னும் வயது குறைந்து பள்ளிக்கூடப் பையன் ஆகிவிடுவான். பையிலிருந்து நீள உறையை எடுத்து மேஜையில் வைத்தான். அவளுடைய உத்தரவு. கையெழுத்து மட்டும் பாக்கி.

“முதல்ல இம்ப்ரெஷன்ஸ் பார்த்துரலாம். எவ்வளவு பக்கம் வந்திருக்கு?”

“எட்டுப் பக்கம் சார்.”

“எட்டா!” அவன் முகம் மலர்ந்தது. பதிவேட்டைத் திறந்தான். ஒரு பக்கம் புரட்டினான். இன்னொன்று. பின்னால் திருப்பி அட்டையைப் பார்த்தான். மறுபடி உள்ளே பார்த்தான். ஐம்பத்தேழு கட்டைவிரல்கள் அவனைப் பார்த்தன.

“இது என்னங்க?”

“ஃபர்ஸ்ட் இம்ப்ரெஷன் சார். செகண்டுக்குப் பத்தி விட்டிருக்கேன்.”

கிருத்திக் பதிவேட்டை மேஜைமேல் இறக்கி வைத்தான். பிறகு மெல்ல, நோயாளியிடம் பேசுவதுபோலச் சொன்னான். “ஃபர்ஸ்ட் இம்ப்ரெஷன்னா... பார்த்ததும் மனசுல என்ன தோணுதுங்கறது. யூட்யூப்ல புதுசா ஒரு கத்தி வாங்கினா பிரிச்சுக் காட்டிப் பேசுவாங்க இல்லீங்க, அது. கருத்து. நான் கருத்துக் கேட்டேன்.”

ராஜப்ரியாவின் காது சூடாகவில்லை. உடம்பு முழுவதும் குளிர்ந்தது. பார்த்ததும் மனதில் தோன்றுவது. திங்கட்கிழமை காலை அவர்கள் பன்னிரண்டு பேரும் அதைத்தானே கொட்டினார்கள்? விறகு, அட்டை, பல்லுக்குத்தி, பழம். அவன் கேட்டது எல்லாம் அப்போதே வந்துவிட்டது. அவள்தான் மேஜையைத் தட்டி நிறுத்தினாள்.

“எனக்கு இங்கிலீஷ் அவ்வளவு வராதுங்க சார்” என்றாள். சொல்லி முடித்ததும் ஒன்றும் இடிந்து விழவில்லை. நாற்காலிகூட ஆடவில்லை. மூன்று வருடம் இதற்காகவா பயந்தோம் என்றிருந்தது.

அவன் கோபப்படவில்லை என்பதுதான் ஆச்சரியம். கைக்குட்டையால் முகத்தைத் துடைத்தான். “சரி விடுங்க. திங்கட்கிழமை போர்டு மீட்டிங். வருஷாவருஷம் கொடுக்கற கம்பளிக்குப் பதிலா இந்த வருஷம் எல்லாருக்கும் இந்தக் கத்திதான்னு நான் சொல்லப் போறேன். அதுக்குத்தான் கருத்து வேணும். நீங்க ஒண்ணு பண்ணுங்க. ஒவ்வொரு கைநாட்டுக்கும் மேல நாலு வரி எழுதிருங்க. தமிழ்லயே எழுதுங்க. ‘பயனுள்ளது, கைக்கு அடக்கம், மகிழ்ச்சி’, இப்படி. அரை மணி நேர வேலை. நீங்க எழுதுங்க, நான் இதுல கையெழுத்துப் போடறேன்.” உறையை விரலால் தட்டினான். “ரெண்டும் ஒண்ணா முடிஞ்சுரும்.”

கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. அவனுக்கு நிஜமாகவே அந்தக் கத்தி பிடிக்கும்.

அவள் பேனாவை எடுத்தாள். மூடியைக் கழற்றினாள். கருப்பம்மாவின் மங்கலான ரேகைக்கு மேலே இரண்டு அங்குலம் வெற்றிடம் இருந்தது. அவளே ஸ்கேல் வைத்து விட்ட இடம். நாலு வரி தாராளமாகப் பிடிக்கும். எழுதிவிட்டால் குவார்ட்டர்ஸ். ஒழுகாத கூரை. காரமடைக்கு ஒரு போன்.

லயத்தைக் காலி பண்ணச் சொல்லவா என்று பின்னாலிருந்து கேட்ட குரல் யாருடையது என்று அவள் கவனிக்கவே இல்லை. யாராக இருந்தாலும் அவள் விரலும் இதில் எங்கோ இருக்கிறது.

பேனாவை மூடினாள்.

“வேண்டாங்க சார்.”

“ஏன்?”

“கீழ கைநாட்டு வாங்கிட்டு, மேல நாம எழுதறது... அது வேண்டாங்க சார். என்னால முடியாதுங்க.”

குரல் உயரவில்லை. அவன் பதிவேட்டை மூடினான். வாசலைப் பார்த்தான். நாற்றுப்பண்ணையில் மண்பை தீர்ந்துவிட்டது என்று சொல்ல வந்த சின்னம்மை அங்கே நின்றிருந்தாள்.

“நீங்களே சொல்லுங்கம்மா. கத்தி எப்படி இருக்கு?”

சின்னம்மை மிகப் பணிவாகக் கறுத்த கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினாள். “அதான் வெச்சுட்டோமே துரை.”

கிருத்திக் உறையை எடுத்துப் பைக்குள் வைத்தான். “திங்கட்கிழமை கம்பளியே கேட்டுடறேன். உங்க விஷயம் அடுத்த மாசம் பார்ப்போம்” என்று யாரையும் பார்க்காமல் சொல்லிவிட்டு ஜீப்புக்குப் போனான்.

ஜீப் சத்தம் வளைவுக்குக் கீழே தேயும்வரை இரண்டு பேரும் நின்றிருந்தார்கள். ராஜப்ரியா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். “மன்னிச்சுருங்க சின்னம்மைக்கா. அர்த்தம் தெரியாம உங்க அத்தனை பேரு கையையும் கறுப்பாக்கிட்டேன்.”

சின்னம்மை உள்ளே வந்து, கதவை லேசாகச் சாத்தி, குரலைத் தாழ்த்தினாள்.

“கத்தி எப்படி இருக்குன்னுதான் கேக்குறாங்கன்னு, கோயமுத்தூர் ஆபீசுக்குப் போன் போட்டு விசாரிச்சு திங்கக்கிழமை பத்து மணிக்கே பரமசிவன் சொல்லிட்டாரும்மா, நல்லாருக்குன்னா கம்பளி போகும், நல்லால்லைன்னா துரை மூஞ்சி வாடும், என்னத்தடா சொல்றதுன்னு நாங்க முழிச்சுக்கிட்டு நிக்கிறப்பத்தான், மகராசி, நீங்க கைநாட்டு மட்டும் போதும்னீங்க!”